வலது ஓரத்து விசைகள்

சங்க அலுவலகத்து ஃபாங் அதை ஒற்றைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தாள், தட்டில் தேநீர் கொண்டுவருகிறவளைப்போல.

"பாருங்கக்கா! ஒரு கிலோகூட இல்ல. என் கைப்பையே இதைவிடக் கனம்."

யூ-ஜென் பார்த்தாள். வெள்ளை பிளாஸ்டிக். மூடியிருந்தால் தடித்த நாட்குறிப்பு அளவு. திறந்தால் விரித்த கையைவிடக் கொஞ்சமே பெரிய திரை, அதன் இரண்டு பக்கமும் இரண்டு ஸ்பீக்கர். காது கேளாதவர்களுக்காக நடத்தும் சங்கத்தில், ஸ்பீக்கருக்கு இடம் விட்டுத் திரையைக் குறுக்கிய மடிக்கணினியைத் தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறார்கள். பத்து வாங்கியிருக்கிறார்கள்.

"விலை எவ்வளவு தெரியுமா? ஒன்பதாயிரத்துக்கும் கம்மி. ஊரே வாங்குது இதை."

யூ-ஜென் உட்கார்ந்து ஒரு வரி அடித்துப் பார்த்தாள். மழை வரும்போல் இருக்கிறது, குடை எடுக்கவில்லை. அவ்வளவுதான் அந்த வரி. ஐந்து இடத்தில் தப்பு. அழித்து மறுபடி அடித்தாள். நான்கு இடத்தில் தப்பு.

அவள் கேட்டுத் தட்டுபவள். காது கேளாதவர் பக்கத்தில் உட்கார்ந்து, எதிரில் பேசுகிறவர்கள் சொல்வதை அப்படியே, அந்தந்த நொடியில் தட்டுவது அவள் தொழில். வகுப்பறை, மருத்துவமனை, விசாரணை என்று ஜோங்லி நகரத்தில் எட்டு வருடம். நிமிடத்துக்கு நூற்றிருபது சீன எழுத்து அடிப்பாள். விரல் எங்கே போகிறது என்று பார்த்ததே இல்லை. இப்போது முதல் தடவையாகக் குனிந்து பார்த்தாள். வலது ஓரத்தில் இருந்த விசைகளைப் பாதியாக நறுக்கி வைத்திருந்தார்கள். ஒரு விரல் இரண்டு விசைமேல் விழுந்தது.

"ஃபாங், இந்தப் பக்கத்தைப் பாத்தியா?"

"அது கமா, புள்ளி, கோடுதானே அக்கா? அதை யாரு அடிக்கப் போறா?"

"இங்கிலீஷ்காரனுக்குக் கமா. அவனுக்கு இருபத்தாறு எழுத்து, நடுவுலயே முடிஞ்சிடும். நம்ம சீனத்துக்கு முப்பத்தேழு ஒலிக்குறி. 'அங்', 'எங்', 'அன்' எல்லாம் எங்க உக்காந்திருக்கு? இந்த ஓரத்துல. மூணு சொல்லுக்கு ஒரு தடவை விரல் இங்க வந்தாகணும். நீ எதுல அடிக்கிற?"

"நான் அடிக்கவே மாட்டேனே. பேனாவால பலகையில எழுதுவேன். அதுவே எழுத்தா மாத்திக்கும்."

"அதான் வாங்கியிருக்க."

ஃபாங் சிரித்தாள். திட்டினாலும் சிரிக்கிற பெண் அவள். அதுதான் யூ-ஜென்னுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஸ்கூட்டரில், காலடியில், தன்னுடைய கறுப்புக் கணினி இருப்பதாகவும், இன்றைக்கு மட்டும் அதைக் கொண்டுபோகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தாள். மூன்று கிலோ அது. தோள்பட்டையில் அதன் வார் பதித்த தழும்பு இருக்கிறது. ஆனால் அதன் விசைகள் முழு அளவு.

"முடியாதுக்கா. விசாரணையில பேசினதெல்லாம் சொந்த மிஷின்ல தங்கக் கூடாதுன்னு மேல சொல்லிட்டாங்க. இன்னையிலேர்ந்து எல்லாரும் இதுலதான். நன்கொடை குடுத்தவருக்குப் போட்டோ வேற அனுப்பணும். இப்படித் திரும்பிச் சிரிங்க."

யூ-ஜென் சிரிக்கவில்லை. படம் எடுத்தாயிற்று.

*

ரயில் நிலையத்துக்குப் பின்னால் மூன்று மாடிக் கட்டடம். தொழிலாளிக்கும் முதலாளிக்கும் தகராறு என்றால் நீதிமன்றத்துக்குப் போகும் முன்னால் அங்கேதான் சமரசம் பேசுவார்கள். பெங் வாசலிலேயே நின்றிருந்தார், தலைக்கவசத்தைக் கழற்றாமல். நாற்பத்தாறு வயது. இருபத்தொன்பதில் ஒரு காய்ச்சல் வந்து காதைக் கொண்டுபோய்விட்டது. பேச்சு மட்டும் மிச்சம். தன் குரல் தனக்குக் கேட்காததால் எல்லாவற்றையும் சாலையின் மறுபக்கம் நிற்கிற ஆளுக்குச் சொல்வதுபோல் சொல்வார்.

"என்ன அது, பொம்மையா?" என்றார், யூ-ஜென் கையைப் பார்த்து. தெருவில் இரண்டு பேர் திரும்பினார்கள்.

அவள் தோளைக் குலுக்கினாள். அவர் வாங்கி மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கட்டை விரலால் கீலைத் தடவினார். அவர் கையில் இருந்தபோது அது கணினியாகத் தெரியவில்லை, ஒரு கீலும் அதில் ஒட்டிய குப்பையுமாகத் தெரிந்தது.

"எட்டு மாசம். அதுக்கு மேல தாங்காது. இதைப் பண்ணினவனை என் முன்னாடி கொண்டுவந்து நிறுத்து."

பதினோரு வருடம் அவர் மடிக்கணினிக்குக் கீல் செய்யும் ஆலையில் இருந்தார். பெரிய கணினிகளுக்கான கனத்த கீல்கள். போன வருடம் இந்தச் சின்னது வந்தது. எல்லோரும் இதையே வாங்கினார்கள். இதற்கான மெல்லிய கீல் கடலுக்கு அந்தப் பக்கம் பாதி விலைக்குக் கிடைத்தது. ஆலையில் வேலை குறைந்து, மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருங்கள் என்றார்கள். பிறகு ஒரு திங்கட்கிழமை பெங்குடைய வருகை அட்டை வேலை செய்யவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, நீங்களாகவே விலகிவிட்டீர்கள் என்று ஒரு கடிதம் வந்தது.

தானாக விலகினாரா, விலக்கினார்களா. அன்றைக்குப் பேச வேண்டியது அது ஒன்றுதான். தானாக விலகினார் என்று பதிவாகிவிட்டால் கதை முடிந்தது. திரும்பிப் போக வழி இல்லை. நாற்பத்தாறு வயதில், காது கேளாத ஆளுக்கு வேறு எந்த ஆலையும் கதவைத் திறக்கப் போவதில்லை.

*

மேஜையின் ஒரு பக்கம் பெங், யூ-ஜென். எதிரில் ஆலையின் பணியாளர் பிரிவுத் தலைவி லியாவ், நன்றாக இஸ்திரி போட்ட சட்டை. மேஜையின் முனையில் சமரசம் பேசுகிற ஜுவோ, ஓய்வுபெற்றவர், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டவர். காகிதக் கோப்பைகளில் தேநீர்.

பெங்குக்கும் யூ-ஜென்னுக்கும் நடுவில் ஒரு முறை இருந்தது. கேட்டுத் தட்டுகிறவர்கள் எல்லோரும் பழக்கிக்கொள்கிற முறைதான். திரையில் இருப்பதை இதுவரை படித்துவிட்டேன், மேலே போ என்பதற்குப் படிக்கிறவர் லேசாகத் தலையை ஆட்டுவார். அவ்வளவுதான் அதற்குப் பொருள். சம்மதம் இல்லை, மறுப்பும் இல்லை. அவள் கறுப்புக் கணினியில் பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையில் இரண்டு நொடிதான் இருக்கும். அதனால் யாரும் இதைக் கவனித்ததே இல்லை.

லியாவ் ஆரம்பித்தாள். நிறுத்தாமல் பேசுகிற ரகம்.

"பெங் அண்ணன் எங்களுக்குக் குடும்பத்து ஆள் மாதிரி சார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு எனக்கு மெஷினைச் சுத்திக் காட்டினதே அவர்தான். வருஷக் கடைசி விருந்துல முதல் கோப்பை அவருக்குத்தான் ஊத்துவோம்."

யூ-ஜென் தட்டினாள். விருந்து என்ற சொல்லிலேயே விரல் வழுக்கியது. அழித்தாள். 'எங்' அடிக்கப் போய் வேறு ஏதோ விழுந்தது. அழித்தாள். திரையில் மொத்தம் பன்னிரண்டு வரி. பெங் படிக்கும் முன்னால் முதல் வரி மேலே ஓடி மறைந்தது. அவர் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். அவருடைய மூச்சு அவள் கையில் பட்டது.

"இது தெரியவே இல்லியே!" என்று கத்தினார்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க மேடம்" என்றார் ஜுவோ.

லியாவ் மூன்று வாக்கியத்துக்கு மெதுவாகப் பேசினாள். நான்காவதில் பழைய வேகம். ஐந்து நொடி பின்னால் இருந்த யூ-ஜென் பத்து நொடி ஆனாள், பதினைந்து ஆனாள். காதில் விழுவது ஒன்று, விரலில் இருப்பது அதற்கு முந்தியது, திரையில் இருப்பது அதற்கும் முந்தியது. இந்த வேலையில் காதில் விழுவதற்கு மண்டையில் இடம் கிடையாது. நேராக விரலுக்குப் போய்விடும். அன்றைக்கு விரலில் அடைப்பு.

"அவர் செஞ்ச கீல்ல ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல சார், பதினோரு வருஷத்துல ஒண்ணுகூட. அதனாலதான் ஆர்டர் குறைஞ்சப்போ எங்களுக்கும் மனசு கஷ்டமா இருந்துச்சு. அவரே வந்து கொஞ்ச காலம் வீட்டுல இருக்கேன், நானா விலகிக்கிறேன்னு சொன்னப்போ நாங்களும் தடுக்கல. அவரோட விருப்பம். அப்படித்தானே பெங் அண்ணே?"

ஜுவோ பெங்கைப் பார்த்தார். லியாவும் பார்த்தாள்.

பெங் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அப்போதுதான் வந்திருந்தது: ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல. அவர் நிமிர்ந்து, நன்றாகத் தெரியும்படி, இரண்டு தரம் தலையை ஆட்டினார்.

ஜுவோ குறித்துக்கொண்டார்.

யூ-ஜென் அந்தத் தலையாட்டலை ஓரக்கண்ணால் பார்த்தாள். மேலே போ என்று எடுத்துக்கொண்டாள். அதற்குள் ஜுவோ அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். இருபது நொடிக்கு மேல் பின்தங்கினால் கேட்டுத் தட்டுபவர் செய்வது ஒன்றுதான்: நடுவில் இருப்பதை விட்டுவிட்டு, புள்ளிகள் வைத்து, இப்போது பேசுகிறவரைப் பிடிப்பது. விட்டது உபசாரப் பேச்சாகத்தான் இருக்கும். லியாவ் மாதிரி ஆட்கள் பேசுவதில் முக்கால்வாசி உபசாரம். அவள் ஆறு புள்ளி வைத்து ஜுவோவைப் பிடித்தாள்.

*

அரை மணி நேரம் கழித்து ஜுவோ குறிப்பை அச்செடுத்து ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார்.

"உடன்பாடு வரல. அது பரவாயில்ல, நீதிமன்றத்துல பாத்துக்கலாம். இன்னைக்குப் பேசினது மட்டும் இதுல இருக்கு. படிச்சுட்டு முத்திரை வைங்க."

பெங் சட்டைப் பையிலிருந்து தன் பெயர் செதுக்கிய முத்திரையை எடுத்து, மூடியைத் திறந்து, மைப்பெட்டியில் ஒற்றிவிட்டுத்தான் படிக்க ஆரம்பித்தார். மூன்றாவது வரியில் கை நின்றது.

"தானாக விலகியதைத் தொழிலாளி ஒத்துக்கொண்டார்." அதை உரக்கப் படித்தார். மறுபடியும் படித்தார். குரல் மாடிப்படி வரைக்கும் போயிருக்கும். "யாரு? நானா? எப்போ?"

"நான் பாத்தேன் பெங் அண்ணே" என்றாள் லியாவ், உதட்டை நன்றாக அசைத்து. "கேட்டோம். தலையாட்டினீங்க. ரெண்டு தரம்."

"நானும் பாத்தேன்" என்றார் ஜுவோ.

பெங் அவர்களைப் பார்க்கவில்லை. யூ-ஜென் பக்கம் திரும்பினார்.

"இது எங்க இருந்துச்சு? நீ காட்டவே இல்லியே இதை!"

அவள் திரையை மேலே நகர்த்தினாள். ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல. அதற்கடுத்து ஆறு புள்ளி. அதற்கடுத்து ஜுவோ வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தார்.

இந்தத் துண்டு பிளாஸ்டிக்கை ஜன்னல் வழியாக எறிய வேண்டும் என்று கை துடித்தது. ஆனால் புள்ளி வைத்தது பிளாஸ்டிக் இல்லை.

"எட்டு வருஷமா உன்னை நம்பித்தான் தலையாட்டுறேன்" என்றார் பெங். இதை மட்டும் கத்தாமல் சொன்னார். எப்படியோ குரல் இறங்கிவிட்டது.

"சார்" என்றாள் யூ-ஜென். "அது பதில் இல்ல."

லியாவ் உடனே ஜுவோவைப் பார்த்தாள். "தட்டச்சு பண்றவங்க பேசலாமா சார்? விதி இருக்கே."

இருக்கிறது. கேட்டுத் தட்டுபவள் கைதான், வாய் இல்லை. பயிற்சியின் முதல் நாளே அதைச் சொல்லித்தான் சேர்த்துக்கொள்கிறார்கள். எட்டு வருடத்தில் யூ-ஜென் ஒரு விசாரணையில்கூட வாயைத் திறந்ததில்லை. ஒருமுறை ஒரு மருத்துவர் ஒரு பெண்ணிடம் பச்சைப் பொய் சொன்னபோதுகூட அந்தப் பொய்யைப் பிழையில்லாமல் தட்டிக் காட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

"பேசறேன் சார். என்னை வெளிய போகச் சொன்னாலும் பேசிட்டுத்தான் போவேன். அவர் தலையை ஆட்டினா படிச்சுட்டேன்னு அர்த்தம். நீங்க கேட்ட கேள்வி அவர் கண்ணுக்கே வரல. அவர் படிச்சது அதுக்கு முந்தின வரி, கீலைப் பத்திப் புகழ்ந்தாங்களே, அது."

"சௌகரியமா இருக்கே" என்றாள் லியாவ். "அப்போ இன்னைக்கு அவர் ஆட்டின எல்லாத்தையும் குறிப்பிலேர்ந்து அடிச்சிடலாமா? இல்ல, எங்களுக்குச் சாதகமா ஆட்டினது மட்டும் செல்லாதா?"

"எல்லாத்தையும் அடிங்க. எதுவும் பதில் இல்ல."

"இவங்க அவரோட ஆளு சார். ரெண்டு பேரும் பழக்கம்."

ஜுவோ கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டார். கெட்டவர் இல்லை. களைத்துப்போனவர். "எவ்வளவு பின்தங்கியிருந்தீங்க?"

"பதினஞ்சு நொடி. இருபதாக்கூட இருக்கும்."

"எப்பவுமா?"

"என் மிஷின்ல ரெண்டு நொடி. இதுல விரல் வைக்க இடம் இல்ல சார். நீங்களே அடிச்சுப் பாருங்க, 'எங்' எங்க இருக்குன்னு தேடுங்க." கணினியை அவர் பக்கம் தள்ளினாள். தள்ளிய வேகத்தில் தேநீர் தளும்பி லியாவின் தாளில் கொட்டியது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஜுவோ அடித்துப் பார்க்கவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

"குறிப்பிலேர்ந்து ஒரு வரியை நானா எடுக்க முடியாது. துணைப் பணியாளர் பிழைன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டா அதைக் காரணமா வெச்சு அடிக்கலாம். ஒரு நகல் உங்க சங்கத்துக்குப் போகும். யோசிச்சுக்கோங்க."

யோசிக்க ஒன்றும் இல்லை. எழுத்து மூலம் ஒரு பிழை பதிவானவரைச் சங்கம் விசாரணைகளுக்கு அனுப்பாது. பள்ளி வகுப்பு மட்டும்தான், அதுவும் இடம் இருந்தால். அது யூ-ஜென்னுக்குத் தெரியும். ஜுவோவுக்கும் தெரியும். லியாவுக்கும் இப்போது புரிந்திருக்க வேண்டும், கைக்குட்டையால் தாளைத் துடைத்தபடி ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விசைகள் அளவு போதாததால்னு எழுதலாமா சார்?"

"அதுக்கு இடம் இல்லம்மா. யார் பிழை, எந்த இடத்துல. அவ்வளவுதான் கட்டம்."

கணினிக்குக் கட்டம் இல்லை. வாங்கியவர்களுக்கும், போட்டோ எடுத்தவர்களுக்கும், பேனாவால் பலகையில் எழுதுகிறவளுக்கும் கட்டம் இல்லை. யூ-ஜென் பேனாவை வாங்கி, காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்தி எழுதினாள்: என் பிழை. கேள்வியைக் காட்டாமல் விட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பெயர், அடையாள எண்.

ஜுவோ அளவுகோல் வைத்து மூன்றாவது வரியைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். பெங் ஓரத்தில் முத்திரையை வைத்தார். லியாவ் வைக்க மாட்டேன் என்றாள். வேண்டாம் என்றார் ஜுவோ, நான் வைத்தால் போதும்.

*

மாடிப்படியில் இறங்கும்போதே கைப்பேசி அடித்தது. ஃபாங். நகலைத் தொலைநகலில் அனுப்பிவிட்டார்கள்.

"அக்கா, ஏன்க்கா எழுதிக் குடுத்தீங்க? வாயை மூடிட்டு வந்திருந்தா யாருக்குத் தெரியப் போகுது?"

யூ-ஜென் பதில் சொல்வதற்குள் பெங் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டார். வாய்க்கு நேரே, தின்பண்டத்தைப் பிடிப்பதுபோல் பிடித்தார்.

"நான் பெங்! நீ என்ன பதில் சொன்னாலும் எனக்குக் கேக்காது. அதனால வாயை மூடிக்கிட்டுக் கேளு. நான் கோர்ட்டுக்குப் போறேன். அங்க எனக்கு இவதான் வரணும், அந்தக் கறுப்பு மிஷினோட. இந்த மாதிரி குப்பையைக் குடுத்து இன்னொருத்தியை அனுப்பினா, ஆலைமேல போட்ட கேஸோட உங்க சங்கத்து மேலயும் ஒண்ணு போடுவேன். இவ மேல எனக்குக் கோபம். அது வேற. நீ நடுவுல வராதே!"

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். அவள் காதில் வைத்தாள். ஃபாங் பேசிக்கொண்டிருந்தாள். யூ-ஜென் முழுவதும் கேட்டாள். பிறகு இணைப்பு அறுந்தது.

"என்ன சொன்னா?"

ஒன்றுமில்லை என்று கையை அசைத்தாள்.

"ஒண்ணுமில்லாததையா இவ்வளவு நேரம் காதுல வெச்சிருந்த? முழுசாச் சொல்லு. நீயா எதையும் சுருக்காத. இனிமே எதையுமே சுருக்காத."

அவர் முகம் சிவந்திருந்தது. அவளுக்கும் கோபம் அடங்கவில்லை. அவர்மேலா, ஃபாங்மேலா, தன்மேலா என்று பிரித்துப் பார்க்கும் நிலையில் இல்லை. படியிலேயே உட்கார்ந்தாள். முழங்கால்மேல் அந்த வெள்ளைக் கணினியைத் திறந்தாள். பெங் ஒரு படி கீழே நின்று குனிந்தார்.

அவள் தட்டினாள். ஒரு விரலால், பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக.

யாருக்கா அந்தக் கிறுக்குக் கிழவன்.

பெங் மூக்கால் சிரித்தார். "அப்புறம்?"

இவங்களுக்காகத்தானே இவ்வளவும் செய்றோம், இவங்களே கத்தினா எப்படி. இதில் இரண்டு சொல் தப்பானது. அழித்துச் சரியாக அடித்தாள். மேலே யாரோ இறங்கி வந்தார்கள். லியாவ். அவர்களைச் சுற்றிக்கொண்டு, சுவரை ஒட்டி, பார்க்காததுபோல் கடந்து போனாள். இருவரும் நகரவில்லை.

நீங்க இனிமே விசாரணைக்குப் போக வேணாம், அவருக்கு வேற ஆள் போடுறோம்.

"போடட்டும். அவளுக்கும் தலையாட்ட மாட்டேன். அப்புறம்?"

அவ்வளவுதான் என்று அவள் நிமிர்ந்தாள்.

"பொய் சொல்லாத. இன்னும் பேசினா. உன் முகத்துல பாத்தேன்."

யூ-ஜென் மறுபடி குனிந்தாள். வலது ஓரத்தில் விசையைத் தேடினாள், தப்பாக விழுந்தது, அழித்தாள், மறுபடி தேடினாள். அவர் காத்துக்கொண்டு நின்றார். கடைசியில் அதையும் அடித்தாள்.

மிஷினை நாளைக்கு வந்து குடுத்துடுங்க. கீறல் விழாமப் பாத்துக்கோங்க.